நீலம் ஒட்டிய இடங்கள்

டிக்... டக். டிக்... டக். கண்ணைத் திறக்கும் முன்னே திரவியத்துக்கு அந்தச் சத்தம்தான் வந்தது. குளுக்கோஸ் இறங்குகிற சத்தம் இல்லை, அதற்குச் சத்தமே கிடையாது. ஆக்ஸிஜன் குப்பியில் தண்ணீர் கொப்பளிப்பதும் இல்லை, அது தூங்குகிற பிள்ளை எச்சில் ஊதுவது மாதிரி இருக்கும். தள்ளுவண்டியின் இடது முன்சக்கரம் என்றால் ஒரு தரம் கிரீச்சிட்டு ஏழடி சும்மா போய்த்தான் மறுபடி கிரீச்சிடும். பத்தொன்பது வருஷம் ராத்திரி வார்டு பார்த்த காது, இருட்டில் ஒரு சத்தம் கேட்டால் எந்தக் கட்டில், யார், என்ன வேண்டும் என்று எழுந்திருக்காமலே சொல்லிவிடும். இது பிடிபடவில்லை. டிக், டக். பக்கத்தில்தான், இடது கைப் பக்கம், காதுக்கு ஒரு முழத் தூரத்தில். பிடிபடாதது என்று ஒன்று இருப்பதே அவனுக்குச் சட்டைக்குள் எறும்பு போன மாதிரி. கண்ணைத் திறந்தான். பழைய சாப்பாட்டுக் கூடம், காலை ஒன்பதரை வெயில், முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே மாவட்டத்திலிருந்து வந்த டாக்டர் தேன்மொழி, தன் மடியில் நாலு பக்கக் கேள்வித்தாள். பக்கத்தில் ரஹ்மத் சிஸ்டர் கேள்வியைப் படித்துக்கொண்டே பேனாவின் தலையைக் கீழுதட்டில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். உதட்டில் அழுத்தினால் டிக், விட்டால் டக். அவ்வளவுதான், பேனா. ஆறு வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள், இது ஐந்தாம் மாதம், அதனால் உட்கார இரண்டு நாற்காலி இடம் கேட்டு வாங்கியிருந்தாள். "முழிச்சிட்டீங்களா அண்ணே. கொறட்டை விட்டிருந்தா டாக்டரம்மா அதையும் ஒரு கேள்வியாச் சேர்த்திருப்பாங்க," என்றாள் தலையைத் தூக்காமல்.

ராத்திரி டியூட்டி எட்டரைக்கு முடிந்து, ஐசொலேஷன் வராந்தா துடைக்கப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தவனைப் பாக்கியம் அக்காதான் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துவந்தாள். பெருக்கித் துடைக்கிறவர்களில் மூத்தவள், எந்த டாக்டர் மாற்றலாகிப் போவார் என்று டாக்டருக்கு முன்னால் தெரிந்தவள். "ஏ திரவியம், அந்த வாளிய அப்படியே போட்டுட்டு வா. புதுச் சீக்கப் பத்தி வகுப்பாம். கிட்டுக் கழட்டுறத நீதான் எல்லாத்துக்கும் காட்டணுமாம், டாக்டரம்மா பேரு சொல்லிக் கேக்குதாவ." பேர் சொல்லிக் கேட்டார்கள் என்பது வாளியை விட்டு எழுந்திருக்கப் போதுமாக இருந்தது. முதலில் தாளை நிரப்புவது, அப்புறம் செய்முறை. தாளில் பேர் எழுத வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னார் டாக்டர். "உங்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறீங்க, என்ன செய்றீங்க, இது மூணும்தான் எங்களுக்கு வேணும். பரீட்சை இல்ல." பரீட்சையாக இருந்தால்தான் என்ன. திரவியம் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு, செல்போனோடு சேர்ந்து கிடந்த பேனாவை எடுத்தான். எடுத்ததும் மனசில் ஏதோ ஒன்று இடறியது. சற்று முன்னால், கண் சொருகிக்கொண்டிருந்தபோது, சிஸ்டர் "பேனா இருக்கா அண்ணே" என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தோமே. அப்போது இது எது. ஒரு நேரத்தில் இரண்டு பேனா வைத்திருக்கிற ஆள் இல்லை அவன். இந்த ஆஸ்பத்திரியில் ஒரு பேனாவைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. மருந்துக் கம்பெனிக்காரன் போன மாதம் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டுப் போன ஊதா அமுக்குப் பேனா, எல்லார் கையிலும் அதே பேனா. மேசையில் வைத்தால் டாக்டர் எடுத்துப் போவார், ஜன்னலில் வைத்தால் சிஸ்டர். ஆகவே கண்ணில் படுகிற பேனாவை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது இங்கே எல்லாருக்கும் கைப்பழக்கம். சரி, எங்கேயோ எடுத்திருப்போம். கிடக்கட்டும்.

முதல் பக்கம் தண்ணீர் குடிக்கிற மாதிரி. வயது, வேலை, எத்தனை வருஷம். மூன்றாவது கேள்வி, இந்த நோயைப் பற்றி முதலில் எப்படி அறிந்தீர்கள், தொலைக்காட்சியா, வாட்ஸ்அப்பா, சுற்றறிக்கையா. எதிலும் இல்லையே. கணவாய்க்கு அந்தப் பக்கம் மூன்று பேர் போய்விட்டார்கள் என்று டிவியில் வருவதற்கு இரண்டு நாள் முன்பே, லோடு லாரி டிரைவர் ஒருவன் தலைவலி மாத்திரை வாங்க வந்து சொன்னான், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்சுகளே படுத்துவிட்டார்கள் என்று. நர்சுகளே என்றானே, அந்த ஏகாரத்தில் இருந்தது எல்லாம். அன்றைக்கே போனில் தேடித் தேடிப் படித்தான். எழுத்துக் கூட்டி இங்கிலீஷ், அர்த்தம் தெரியாத வார்த்தைக்குக் கீழே கோடு, மறுநாள் சிஸ்டரிடம் கேட்பது. எட்டாம் வகுப்போடு நின்றவன் இன்றைக்கு ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்றால் இப்படித்தான். மற்றவை என்று போட்டு லாரி டிரைவர் என்று எழுதினான். ஆறாவது, உடம்புக்குள் போய் எத்தனை நாளில் காட்டும். ஐந்து முதல் பதினான்கு. டிக். ஒன்பது, எப்படிப் பரவும். எச்சில், சளி, ரத்தம், அவை பட்ட பொருள்கள், எல்லாவற்றுக்கும் டிக். பதினொன்று, தடுப்பூசி உண்டா. கிடையாது. பதினான்கு, இந்நோய் குறித்து அச்சம் கொள்கிறீர்களா, மிகவும், ஓரளவு, இல்லை. இதற்கு யோசித்தான். சிக்குன்குனியா வந்தபோது முதுகில் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்திருக்கிறான், பன்றிக் காய்ச்சல் வந்தபோது கைக்குட்டை கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான், கொரோனாவில் முதல் பத்து நாள் வாசலிலேயே குளித்து வாசலிலேயே சாப்பிட்டு வாசலிலேயே படுத்திருக்கிறான். பயம் என்றால் பயம்தான். ஆனால் தெரிந்த வேலையைச் செய்யும்போது பயம் ஒரு ஓரமாகத் தள்ளி உட்கார்ந்துகொள்ளும், நெருக்கமான பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரன் ஒதுங்கி இடம் விடுவது மாதிரி. அதற்குக் கட்டம் இல்லை. ஓரளவு. டிக். பக்கத்திலும் டிக், டக். இப்போது பேனா உதட்டில் இல்லை, தாளைத் திருப்புவதற்காக அதைப் பல்லிடுக்கில் வைத்திருந்தாள், கறுப்பு அமுக்கி உள்ளே, மிச்சம் வெளியே. இரண்டு பேனா, மறுபடி இடறியது. எங்கே எடுத்தோம்.

பதினேழு அவனுடைய கேள்வி. பாதுகாப்பு உடையைக் கழற்றும்போது சொல்லப்பட்ட வரிசையைப் பின்பற்றுகிறீர்களா, எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை. சிரிப்பு வந்தது. கிட் போடுவது யாருக்கும் வரும், கழற்றுவதில்தான் சீக்கு ஒட்டும் என்று இந்த ஆஸ்பத்திரியில் முதலில் புரிந்துகொண்டவன் அவன். கொரோனா நேரத்தில் வீட்டில் மகனுடைய மழைக்கோட்டைப் போட்டு, கையில் கிளவுஸ் மாட்டி, வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கிளவுஸ் முழுக்கத் தடவிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று கழற்றிப் பார்த்தான். முதல் நாள் கழுத்தெல்லாம் நீலம், காது மடலில் நீலம், கதவுக் கொண்டியில் நீலம். மனைவி ராஜம் வந்து பார்த்துவிட்டு, "கோட்டிக்காரன மாதிரி என்ன செய்யுதீங்க, அந்தக் கதவ யார் துடைப்பா," என்றாள். இருபத்திரண்டு தரம் கழற்றினான். இருபத்திரண்டாவது தரம் நீலம் எங்கேயும் இல்லை. கிளவுஸிலும் கோட்டின் வெளிப்பக்கத்திலும் மட்டும்தான். அன்றிலிருந்து அவனுக்கு அந்த நீலம் எப்போதும் தெரியும். வார்டுக்குள் போனால் கட்டில் கம்பியில், சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில், நோயாளி தொட்ட ஜன்னல் கொக்கியில், யாருக்கும் தெரியாத நீலம் அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும், அதைத் தாண்டித் தாண்டிக் கால் வைப்பான். டாக்டர் தேன்மொழிக்கு யாரோ இந்தக் கதையைச் சொல்லித்தான் இன்றைக்குப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறார். எப்போதும். டிக், அழுத்தி.

பதினெட்டு, கை கழுவும் நேரம். நாற்பது விநாடி. அதற்கும் அவனிடம் ஒரு வழி உண்டு, இப்போது வார்டில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம், டவுன் பஸ் ஸ்டாப்பை மனசுக்குள் சொல்ல வேண்டும். பாலம், ரைஸ்மில், தாலுகா ஆபீஸ், பள்ளிவாசல், ரயில்வே கேட், தண்ணித்தொட்டி, சர்ச், கடைசி ஸ்டாப். அவசரப்படாமல் போய்த் திரும்பி வந்தால் நாற்பது. போகும்போது உள்ளங்கை, வரும்போது விரல் இடுக்கு. இன்றைக்கு அதிகாலையிலும் அப்படித்தான் கழுவினான். இல்லையே. இன்றைக்குப் பஸ் ஓடவில்லை. வேறு எதையோ அல்லவா சொல்லிக்கொண்டிருந்தோம். ஒன்பது, நாலு, எட்டு. ஆமாம், போன் நம்பர். ஏழாம் அறையில் நேற்றுச் சாயங்காலம் சேர்த்த குருசாமி, ரப்பர் எஸ்டேட் வேலையிலிருந்து காய்ச்சலோடு கணவாய் தாண்டி வந்தவன், முப்பது வயசு இருக்கும், சாம்பிள் போயிருக்கிறது, மதியம் ரிசல்ட். அஞ்சரை மணிக்குக் காய்ச்சல் பார்க்கப் போனபோது அவனுடைய போன் செத்துக் கிடந்தது. "அண்ணாச்சி, வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, பஸ் ஸ்டாண்டுலயே நிக்கப்போறா," என்று நம்பர் சொன்னான். காகிதம் எதுவும் வெளியே போகக் கூடாது. கிளவுஸின் புறங்கையில் எழுதினான், எல்லாரும் செய்வதுதான். கழற்றும் இடத்துக்கு வந்து கிளவுஸைப் பார்த்துப் பார்த்துப் பத்து எண்ணையும் மனப்பாடம் செய்தான், கடைசி இரண்டும் ஆறு, அப்புறம் கிளவுஸ் மஞ்சள் கூடைக்குப் போனது, கவுன் போனது, கண்ணாடி, மாஸ்க், ஒவ்வொன்றுக்கும் நடுவே கை கழுவல், வாய் முழுக்க நம்பர். ஆறேகாலுக்குப் போன் போட்டான். அந்தப் பெண் அழவில்லை. "மருந்து குடிக்கும்போது மூக்கப் பிடிச்சிக்கிடுவாரு. சிரிச்சாக் கோவம் வரும், சிரிச்சிராதீங்க," என்றாள். அது என்னவோ இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

இருபத்திரண்டு, நோயாளியின் அறையில் பயன்படுத்திய பொருள்களை அங்கேயே விட்டு வருகிறீர்களா. எப்போதும். கை டிக் போட்டு முடித்துவிட்டது, மனசுதான் பின்னால் வந்தது. பொருள்கள். ஏழாம் அறையில் என்ன பொருள் உண்டு. தெர்மாமீட்டர், பி.பி. கருவி, சார்ட்டு அட்டை, பேனா. பேனா அட்டையோடு, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியால் கட்டியிருக்கும், அவனே கட்டியது, உள்ளே இருக்கிற பேனா உள்ளேயே இருக்க வேண்டும் என்று. கிளவுஸில் எழுத அந்தக் கட்டு எட்டவில்லை, இழுத்தான், அறுந்தது. எழுதினான். அப்புறம் அந்தப் பேனாவை என்ன செய்தான். கையிலேயே இருந்தது. கழற்றும் இடத்தில் கிளவுஸைப் பார்க்கத் திருப்பியபோது பேனாவைக் கைகழுவுகிற தொட்டியின் திண்டில் வைத்தான். வைத்தான். கிளவுஸ், கவுன், கண்ணாடி, மாஸ்க், கழற்றுகிற எட்டுப் படியும் சுத்தம், சோப்பு, ஒன்பது நாலு எட்டு என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவி, கையைத் துடைத்து, திண்டில் ஒரு ஊதாப் பேனா கிடந்தது, எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். தன்னுடையது வெளித்தட்டில் வாட்ச், செல்லோடு கிடந்தது, அதையும் எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டான். இரண்டு. திரவியம் மெல்லத் தலையைத் திருப்பினான். ரஹ்மத் சிஸ்டரின் பல்லிடுக்கில் இருந்த பேனாவின் கொக்கியில், அரை விரற்கடை நீளத்துக்கு, அறுந்த காஸ் துணியின் முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. அவன் போட்ட முடிச்சு, இரட்டை முடிச்சு.

நீலம் அப்போதுதான் தெரிந்தது, மொத்தமாக. திண்டில் நீலம், சுத்தமான கைவிரலில் நீலம், சட்டைப் பைக்குள் நீலம், ஆறரைக்கு டீ குடித்த டம்ளரில், செல்போனில், பிளீச்சிங் வாளியின் கைப்பிடியில், இந்தக் கேள்வித்தாளில், அவள் விரலில், அவள் கீழுதட்டில். நாலு மணி நேரம் ஆகிவிட்டது, பிளாஸ்டிக்கில் நாலு மணி நேரம் நிற்குமா, நிற்கும் என்றும் படித்திருக்கிறான், குறையும் என்றும் படித்திருக்கிறான். மதியம் ரிசல்ட்டில் நோய் இல்லை என்றே வரலாம், பாதிப் பேருக்கு அப்படித்தான் வருகிறது. கிளவுஸ் போட்ட கையால்தான் பேனாவைப் பிடித்தான், குருசாமி அதைத் தொடவே இல்லை. இருமினான். இரண்டு தரம் இருமினான், ஒரு தரம் இந்தப் பக்கம். தாளில் பேர் இல்லை. சிஸ்டர், பேனாவைக் கொடுங்க, இது எழுதலை, வேற தாரேன் என்று சொன்னால் போதும், கொடுத்துவிடுவாள், ஸ்பிரிட்டில் துடைத்துக் கூடையில் போட்டுவிடலாம், பத்து நிமிஷத்தில் எல்லார் முன்னாலும் நின்று எட்டுப் படியையும் காட்டலாம், கை தட்டுவார்கள். இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் மனசில் வந்து வரிசையாக உட்கார்ந்தது, ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் உதட்டை எந்தக் கூடையில் போடுவது. அவள் வீட்டுக்குப் போவாள். அஞ்சாம் நாள் லேசாக மேல் சுடும், பிள்ளைத்தாச்சிச் சூடு என்று விட்டுவிடுவாள், மாமியார் கஷாயம் வைப்பாள். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பார்ப்பாள், அவள் நர்சு. தெரிந்தது என்பது இதுதானே, நாலு பக்கம் கேட்கிறார்களே, என்ன தெரியும் என்று. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்பது மிச்சக் கேள்விகளில், இருபத்து மூன்றிலிருந்து முப்பது வரைக்கும் எங்கேயும் இல்லை.

"சிஸ்டர்," என்றான். குரல் வார்டுக் குரலாகவே வந்தது, நோயாளியைத் திருப்பிப் போடும்போது பேசுகிற குரல். "பேனாவ வாயிலருந்து எடுத்து அப்படியே தாள் மேல வைங்க. கைய மூஞ்சிகிட்டக் கொண்டுபோகாதீங்க. என்கூட வாங்க." அவள் வைத்தாள், அதன் பிறகுதான் ஏன் என்று பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். ஐசொலேஷன் டியூட்டி அவளுக்கும் உண்டு, அந்தப் பேனாவால் போன வாரம் வேறு நோயாளிக்குச் சார்ட்டு எழுதியவள், சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஏழாம் நம்பரா," என்றாள். "ஏழாம் நம்பர். என் தப்புதான். காலைல கொண்டாந்துட்டேன்." அவள் முகம் வெளுத்ததை அவன் பார்த்தான், பார்க்காமல் இருக்க முடியவில்லை. கூடத்தின் மூலையில் குழாய். சோப்பை எடுத்தாள், அது வழுக்கிக் கீழே விழுந்தது, அவன் எடுக்கக் குனிந்தான், "நீங்க தொடாதீங்க," என்றாள். அவளே எடுத்தாள். வாய் கொப்பளித்தாள், உதட்டைத் தேய்த்தாள், மறுபடி கை. முதுகைக் காட்டிக்கொண்டே, "எங்க வீட்டுல நான் என்னன்னுண்ணே சொல்லுவேன்," என்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "எண்ணுங்க," என்றாள் அவள், "எனக்கு வரமாட்டேங்குது." பாலம், என்றான் திரவியம் சத்தமாக, ரைஸ்மில், தாலுகா ஆபீஸ், கூடத்தில் முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள், பள்ளிவாசல், ரயில்வே கேட், எழுதுகிற சத்தம் நின்றுவிட்டது, தண்ணித்தொட்டி, சர்ச், கடைசி ஸ்டாப், திரும்பி சர்ச், தண்ணித்தொட்டி. பாலம் வந்து சேர்ந்ததும் அவள் குழாயை மூடினாள். அவன் அடுத்து நின்று தன் பங்குக்குக் கழுவினான், அவனுக்கு யாரும் எண்ணவில்லை.

டாக்டர் தேன்மொழி கத்தவில்லை. எத்தனை மணிக்கு எடுத்தீங்க, எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க, நோயாளி தொட்டாரா, இருமினாரா, டீ எங்கே குடிச்சீங்க. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான், இரண்டு தரம் இருமியதையும். அவர் லேபுக்குப் போன் பண்ணி ஏழாம் நம்பரை முதலில் பார்க்கச் சொன்னார். இரண்டு பேர் பேரையும் ஒரு நோட்டில் எழுதி, "பதினாலு நாள், காலையும் சாயங்காலமும் டெம்பரேச்சர். ரெண்டு பேருக்கும் வார்டு வேண்டாம். சிஸ்டர், உங்க மகப்பேறு டாக்டர்கிட்ட நானே பேசுறேன். வாய்ப்பு ரொம்பக் கம்மி, ஆனா கம்மின்னு விட்டுட மாட்டோம்," என்றார். பாக்கியம் அக்கா வாய்க்குள் ஏதோ முனகினாள். டாக்டர் மேசை மேல் இருந்த மடித்த கிட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "செய்முறை... வேற யாராவது காட்டட்டுமா?" "நான்தான் காட்டணும் டாக்டர்," என்றான் திரவியம். முகம் சுடத்தான் செய்தது. ஆனால் கிட்டுக்குள் கையை நுழைத்ததும் கை தன் பாட்டுக்குத் தெரிந்த வேலையில் இறங்கியது, எல்லாரையும் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நிதானமாக மாட்டி, நிதானமாகக் கழற்றினான், எந்த விரல் எந்த ஓரத்தைத் தொடலாம், எங்கே மூச்சை அடக்க வேண்டும். எட்டாவது படி முடிந்து கையும் கழுவியாயிற்று. தன் பேனாவை முன்னாலேயே மேசை ஓரத்தில் வைத்திருந்தான். சுத்தமான கையை அதன் மேல் கொண்டுபோய் ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினான். "இந்த இடத்துலதான்," என்றான். கடைசி வரிசையில், ஜன்னலோரம், தனியாகப் போட்ட நாற்காலியிலிருந்து ரஹ்மத் சிஸ்டர் கேட்டாள், "எடுத்துக்கலயாண்ணே? நல்ல பேனா." இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, ஆனால் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திரவியம் பேனாவை எடுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போய், இருபத்திரண்டாம் கேள்வியில் எப்போதும் என்பதை அடித்துவிட்டு, சில நேரம் என்பதில் டிக் போட்டான். கொஞ்சம் யோசித்துப் பதினேழையும் அடிக்கப் போனான். வேண்டாம், வரிசை சரிதான். அதை விட்டுவிட்டான்.

வராந்தாவில் வாளி விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. வார்டுக்குள் போகத்தான் பதினாலு நாள் கூடாது, வெளியே நின்று கரைப்பதற்குத் தடை இல்லை. புதுக் கிளவுஸ் மாட்டி, முதலில் வாளியின் கைப்பிடியைத் துடைத்தான். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பத்து லிட்டர் பிடித்தான். லிட்டருக்கு முப்பது கிராம், முந்நூறு, தராசு தேவையில்லை, டப்பா மூடியால் ஆறு. பவுடர் கட்டி கட்டியாக இருந்தது, விரலால் நசுக்கிப் போட்டான், மூக்கில் ஏறி அடித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, பிளீச்சிங்குக்கு எப்போதும் வருவதுதான். ஒரு குவளையில் கொஞ்சம் மொண்டு, சிஸ்டரின் தாளிலேயே சுற்றி எடுத்துவந்த அந்தப் பேனாவை அதில் போட்டான். காஸ் முடிச்சு ஒரு நொடி மிதந்து, நனைந்து, உள்ளே போனது. மணி பதினொன்று ஆக இன்னும் பத்து நிமிஷம், ரிசல்ட் வர அதற்கப்புறம் ஒரு மணி நேரம், அதற்கப்புறம் பதினாலு நாள். மூங்கில் குச்சியை எடுத்து வாளிக்குள் விட்டான். பாலம். ரைஸ்மில். கட்டி கரையும் வரைக்கும் கலக்க வேண்டும். தாலுகா ஆபீஸ். பள்ளிவாசல்.